ஆவ் தக்கியன் சாமி

செத்துப்போய்ப் பத்து வருஷம் கழித்து, விரோஜ் ஒரு விடுமுறைக்காகத் தாய்லாந்துக்குத் திரும்பி வந்தார்.

முதல் மூன்று நாள் பாங்காக். லாவோஸ் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் கம்சாய். தலைமுடி போயிருந்தது, தொப்பை வந்திருந்தது. பழைய ஆபீஸ் இருந்த தெருவிலேயே உட்கார்ந்து நிதானமாக நூடுல்ஸ் சாப்பிட்டார். அவர் கட்டிக் கொடுத்த சந்தையின் கூரை இடிந்து நான்கு பேர் செத்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தைரியம் வந்துவிட்டது. தான் மூழ்கிய கடற்கரையையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினார்.

கைது வாரன்ட் வருவதற்கு முந்தின நாள், சட்டை, செருப்பு, கைக்கடிகாரம் மூன்றையும் ஆவ் தக்கியன் கடற்கரை மணலில் வைத்துவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு எல்லை தாண்டிப் போனவர் அவர். அன்றைக்கு அங்கே பத்துக் குடிசையும் நாலு படகும்தான். இன்றைக்கு பஸ் நிலையம், விடுதிகள், வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். நடுவில் பளபளவென்று ஒரு சின்னக் கோயில்.

கோயிலுக்குள் அவர் இருந்தார்.

தங்க நிறச் சட்டம் போட்ட பெரிய போட்டோ. மேலே மல்லிகை மாலை. முன்னால் சிவப்பு சோடா பாட்டில்கள் நூறாவது இருக்கும். சாமி குடிக்க வசதியாக ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரா போட்டிருந்தது.

"விரோஜ் சாமிங்க," என்றாள் பக்கத்துக் கடை ரம்பாய். "மூணு கொழந்தைங்க முழுகுறதைப் பார்த்துக் குதிச்சாரு. கொழந்தைங்க கரை சேர்ந்துடுச்சு, இவரு சேரலை. மனசார வேண்டிக்கிட்டா கனவுல வந்து லாட்டரி நம்பர் சொல்லுவாரு."

விரோஜ் அந்தக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதே இல்லை.

"நல்ல மனுஷன் போல," என்றார்.

"தங்கமான மனுஷன். நண்டு சாப்பிடறீங்களா?"

அன்றே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் உயிரோடு இருந்தபோது யாரும் அவரைத் தங்கமான மனுஷன் என்று சொன்னதில்லை. தங்கிவிட்டார். காலையில் சாய்வு நாற்காலி, இளநீர். மத்தியானம் நண்டு, தூக்கம். சாயங்காலம் கோயில் பக்கம் போய், தனக்கு நடக்கிற பூஜையைப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் கூட்டத்தோடு கூட்டமாக ஊதுபத்திகூட ஏற்றினார். சாப்பாட்டுக்கு ரம்பாய் காசு வாங்க மறுத்துவிட்டாள். வெளியூர்க்காரர்களிடம் இந்த ஊருக்கு என்ன ஒரு பாசம் என்று நினைத்துக்கொண்டார்.

அங்கே வந்த நான்காம் நாள், பஸ்ஸில் வந்த ஒரு அம்மாள் போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, இவருக்கு அப்படியே சாமி ஜாடை."

"மொதல்ல கண்ணாடியை மாத்துங்கம்மா," என்றாள் ரம்பாய். "சாமி எங்கே, இந்த வழுக்கைத் தலை எங்கே."

கூட்டம் சிரித்தது. ரம்பாய் சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனாள்.

அன்று ராத்திரி விரோஜ் தூங்கவில்லை. விடிந்ததும் பையோடு பஸ் நிலையத்துக்குப் போனார். உள்ளூர்ப் போலீஸ் சார்ஜென்ட் தேச்சா அங்கே முன்னாலேயே வந்து, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தார்.

"கெளம்பிட்டீங்களா, விரோஜ் அண்ணே?"

விரோஜ் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எப்பத் தெரிஞ்சுது?"

"நீங்க பஸ்ஸை விட்டு எறங்கின அன்னைக்கே. அந்த போட்டோவைத் தெனமும் தொடைக்கறது ரம்பாய் அக்காதானே."

விரோஜ் இரண்டு கைகளையும் விலங்குக்காக நீட்டினார். தேச்சாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"கையை எறக்குங்கண்ணே, யாராச்சும் பார்க்கப் போறாங்க. செத்தவரை எப்படிப் பிடிச்சு உள்ள போடறது? உங்க ஃபைலை மூடி ஒம்பது வருஷமாச்சு."

"அப்போ..."

"நேத்து ஊரே கூடிப் பேசுச்சு. உங்களாலதான் இந்த ஊரு சோறு திங்குது. எந்தக் காரணத்துக்காகவும் உங்களை வெளியாளுங்ககிட்டக் காட்டிக் குடுக்கறதில்லைன்னு ஒரே முடிவு. ஒருத்தர்கூட மறுத்துப் பேசலை."

விரோஜ் அழுதுவிட்டார். பத்து வருஷமாகக் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே பின்வாசலைப் பார்த்தவர். தான் இன்னார் என்று தெரிந்தும் தனக்காகப் பேச ஒரு ஊரே இருக்கிறது.

"மெயின் ரோட்டுல பாங்காக் போலீஸ் செக்கிங் நிக்குது," என்றார் தேச்சா. "நம்ம படகுலயே போயிடலாம். தெக்கே தள்ளி எறக்கி விட்டுடறேன்."

கரையில் நல்ல வெயில். ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வரிசையாக நின்று கை கூப்பினார்கள். ரம்பாய் ஒட்டரிசிச் சோறும் பொரித்த மீனும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அடுத்த வருஷமும் வரேன் ரம்பாய்," என்றார் விரோஜ்.

"நீங்க எங்கே போகப்போறீங்க, சாமி," என்றாள் அவள். "எங்ககூடத்தான் இருக்கப்போறீங்க."

படகு கிளம்பியது. கோயில் ஒரு புள்ளியாகித் தேயும் வரை விரோஜ் கையசைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை, பத்து வருஷம் கடலுக்கடியில் கிடந்தும் கொஞ்சம்கூட அழுகாத விரோஜ் சாமியின் உடல் அதே கரையில் ஒதுங்கியது. தரிசனத்துக்குப் பாங்காக்கிலிருந்து மட்டும் நாற்பது பஸ் வந்தது.