சுங்கத்தில் போன வளையல்கள்

புதிய கார் தெருவுக்குள் நுழைந்தபோது ஊரே காரைப் பார்த்தது. செல்லபாய் மட்டும் அதிலிருந்து இறங்கிய ராகேலின் கைகளைப் பார்த்தாள்.

இரண்டு கைகளிலும் பொட்டுத் தங்கம் இல்லை.

ராகேல், செல்லபாயின் கணவரான மிளகு வியாபாரி ஜெபமணிக்கு உடன்பிறந்த தங்கை. அவள் கணவர் ஏசுஅடிமை கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனியின் தலைமைக் கணக்கர். அங்கேயே புதிய கார் வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"எவ்வளவுக்கு முடிஞ்சது மச்சான்?" என்று கேட்டார் ஜெபமணி.

"கடைக்காரன் சொன்ன விலை ஒண்ணு, நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்த விலை வேறொண்ணு," என்று ஏசுஅடிமை சிரித்தார். "விலை பேசி முடிச்ச பொறவு, உபரிச் சக்கரம் தனிங்கான். மேல்கூரைத் துணி தனிங்கான். கப்பல் கூலிய நினைச்சிருந்தேன். தூத்துக்குடியில கப்பல் கரைக்கு வராது, தோணியிலதான் இறக்கணும்ங்கத நினைக்கல்ல. அதுக்கொரு கூலி. பொறவு சுங்கம். அதைக் கேட்டதும் காரைக் கடல்லயே விட்டுட்டு வந்திரலாமான்னு இருந்தது! ஆரல்வாய்மொழி எல்லை தாண்டினா, நம்பர் போட நம்ம சமஸ்தானச் சர்க்காருக்குத் தனி வரி."

எல்லோரும் சிரித்தார்கள். செல்லபாய் சிரிக்கவில்லை. அவளுக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது.

அன்று மாலை, பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்ததும் பக்கத்து வீட்டு நேசபாயைத் தனியே அழைத்தாள்.

"ஏட்டி, ராகேல் கையப் பாத்தியா?"

"பாத்தேன் அக்கா. வெறுங்கையால்லா இருக்கு!"

"போன தடவை வந்தப்ப வளையலு குலுங்கின கையி. எல்லாம் சுங்கத்துல போச்சு. பொண்டாட்டி கைய மொட்டையாக்கிட்டுத்தான் மவராசன் காருல வந்து எறங்குகாரு."

"அவியளே சொன்னாவளா?"

"இதச் சொல்லவும் செய்வாவளா? நமக்குக் கண்ணு இல்லியா?"

சொல்லி முடித்து, வேதபுத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். ஞாயிறு ஆராதனைக்குள் செய்தி ஊரெங்கும் பரவிவிட்டது.

ஆயினும் அவள் மனம் ஆறவில்லை. காலையில் காரின் ஒலி கேட்டால், அடுப்பிலிருந்த சோறு தீய்வதுகூட அவளுக்குத் தெரிவதில்லை.

"நேத்து குளச்சல், இன்னிக்குக் களியக்காவிளை. ஊரு சுத்தட்டும். பெட்ரோலுக்குக் கம்மலும் போகும், பாத்துக்கிட்டே இருங்க," என்றாள் கணவரிடம்.

"பேசாம இரி," என்றார் ஜெபமணி.

"தங்கச்சியச் சொன்னா ஒங்களுக்குப் பொறுக்காதே! காரு வாங்கத் தெரிஞ்சவியளுக்கு வளையலக் காப்பாத்தத் தெரியல்ல. அதச் சொன்னா குத்தமா?"

ஜெபமணி பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

மகள் லீலாபாய்க்கு மார்த்தாண்டத்தில் நல்ல இடம் அமைந்திருந்தது. கை நிறைய வளையல் போட்டால்தான் திருமணம் என்று மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். குறித்த நாளில், நகைகளைப் பார்க்க வந்து அமர்ந்தார்கள். பெண்ணின் அத்தை என்ற முறையில் ராகேலும் கணவருடன் வந்திருந்தாள்.

மாப்பிள்ளையின் தாய் லீலாபாயின் கையைப் பற்றி, வளையல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். செல்லபாய் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"நல்ல வடசேரித் தட்டான் பணி. புதுசாட்டு மின்னுகு. எங்களுக்குத் திருப்தி."

செல்லபாய்க்கு உயிர் வந்தது. அந்த அம்மாள் அத்துடன் நிறுத்தியிருக்கலாம்.

"வாசல்ல நிக்க காரு யாருக்குள்ளது? இப்பிடியொரு சொந்தக்காரங்க அமையக் குடுத்துல்லா வச்சிருக்கணும்!"

செல்லபாயின் முகம் சுருங்கியது. மகள் கையில் மின்னும் பொன்னை விட்டு, வாசலில் நிற்கும் இரும்பையா இவள் புகழ்கிறாள்!

"எங்க நாத்தனாருக்குள்ளதுதான்," என்றாள். "காரு வீட்டுக்கு வந்தது, கையில கெடந்த வளையலெல்லாம் சுங்கத்துக்குப் போச்சு. எங்க வீட்டு அவிய அப்பிடியில்ல. நல்லமிளகு விலை பாதாளத்துக்குப் போன வருஷத்துலயும், ஒருத்தர்கிட்டயும் கை நீட்டாம பிள்ளை கைய நெறைச்சாவ."

விருந்தினருக்குப் வெற்றிலைபாக்கு எடுத்துவருவதாகச் சொல்லி ஜெபமணி உள்ளே போனார். ஏசுஅடிமையின் காதுகள் சிவந்தன. அவர் வாய் திறப்பதற்குள் ராகேல் எழுந்துவிட்டாள்.

"நேரமாச்சு மைனி. மக்கா லீலா, போயிட்டு வாறேன்."

கார் தெருமுனையைத் தாண்டியது. ஏசுஅடிமை பொறுக்கமாட்டாமல் வெடித்தார்.

"தோணிக் கூலி, சுங்கம், நம்பர் வரி, அத்தனையும் நான் கொழும்புல அரைவயிறு தின்னு சேத்த பணம். ஒன் நகையில ஒரு குந்துமணி தொட்டிருப்பேனா? இப்ப நான் பொண்டாட்டி வளையல வித்துக் காரு வாங்கினவன்! அதுவும் புதுச் சம்பந்தக்காரங்க முன்னால. 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு வாயில்லியா?"

ராகேல் தன் வெறுங்கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சொன்னா, 'அப்ப வளையலு எங்கே'ன்னு கேப்பாவ. லீலா கையில கெடக்கத அழிச்சு, பழையபடி என் வளையலாச் செஞ்சு காட்டவா சொல்லுகியோ?"