பொக்குக் கல்

குனிந்து குனிந்து சடச்சிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பதினாலாம் மாடி வீட்டை ஒருநாள் வாடகைக்கு எடுத்தவள், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கிடந்த கடலை ஏறிட்டும் பார்க்கவில்லை. காலையிலிருந்து மண்டியிட்டு, ஒவ்வொரு தரைக்கல்லாக ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தரையைப் பதித்தவன் அவள் புருஷன் கொம்பையா. அவளுடைய அண்ணியிடம் இரவல் வாங்கி அடகு வைத்த சங்கிலியை மீட்டவன், கூலியாட்கள் தங்கும் கொட்டகையில் களவு அதிகமென்று, அதை இங்கே ஒரு கல்லுக்கடியில் சிமெண்டு போடாமல் ஒளித்தான். மறுநாள் சாரத்திலிருந்து விழுந்தான். "தட்டிப்பாரு புள்ள, பொக்குனு கேக்கும்" என்றதுதான் ஆஸ்பத்திரியில் அவன் கடைசிப் பேச்சு.

எல்லாக் கல்லும் கெட்டியாகவே ஒலித்தன.

தண்ணீர் கேன் கொண்டுவந்த காவல்காரன் சிரித்தான். "என்னக்கா, வீட்டை விலைக்கே வாங்கப் போறியளா? தைரியமா வாங்குங்க. ஒரே ஒரு கல்லுதான் பொக்கா இருந்துச்சு. போன மாசம் பேத்துட்டு, கலவை கொட்டிப் புதுசாப் பதிச்சாச்சு."

"பேத்தது யாரு தம்பி?"

"யாரோ கூலிக்கு வந்தவங்க. பேரெல்லாம் யாருக்கா கேட்டா?"

சடச்சி வாசற்படிக்குத் தவழ்ந்துபோய், முதல் கல்லிலிருந்து மறுபடி தட்டத் தொடங்கினாள். அண்ணி மகளுக்கு நாளை மறுநாள் கல்யாணம். அண்ணிக்கு ஒன்றரைப் பவுன் சங்கிலி தரவேண்டும்.