வீடு சேரும் வரை பாய் பொறுப்பு

"மெதுவாப்பா, மெதுவா. எதிர்ல பள்ளம் இருக்குது. ஒரு குலுக்கு குலுக்கினா உசுரே போயிடும்."

ஐயம்பேட்டைத் திருப்பத்தில் டயர் மாட்டுவண்டியை ஒட்டி நடந்துகொண்டே அப்பாதுரை வண்டிக்காரனிடம் கெஞ்சினான். வண்டிக்குள் வைக்கோல் மெத்தை; அதன்மேல் பழைய ஜமக்காளம் போர்த்திய நீளமான உருவம். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று, பெரியாஸ்பத்திரிக்கா என்று இரக்கத்தோடு விசாரித்தார்கள்.

முன்னால் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த வீரபத்திரன், நோயாளிக்கு எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு என்று பதில் சொன்னார். படுத்திருந்தது பல்சக்கரத்துக்குப் பல் வெட்டும் பழைய மில்லிங் மெஷின். தலைக்கனம் அதிகம், நிற்க வைத்தால் கவிழும். வார்ப்பிரும்பு, கவிழ்ந்தால் ஒட்டுப்போட முடியாது. தலைக்கனத்தில் தனக்கும் அதற்கும் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

காஞ்சிபுரத்தில் தன் வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கிவைத்த கொட்டகையில் ஒரு லேத்தைப் போட்டு, கொட்டகையைவிடப் பெரிய போர்டு மாட்டியிருந்தார் வீரபத்திரன். நெல் மில்காரர்கள் கேட்கும் சக்கரங்களுக்குப் பல் வெட்ட மெட்ராசுக்கு அனுப்பி, வருகிற கூலியில் பாதியை அங்கேயே தொலைத்துக்கொண்டிருந்தார். மெஷின் வந்தால் பிழைப்பு உண்டு; இல்லாவிட்டால் போர்டு மட்டும்தான் மிஞ்சும்.

மனைவி லோகாம்பாள் அதற்காகத் தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். மெஷின் உள்ளே வந்தால் நீங்கள் வெளியேதான் நிற்கவேண்டும் என்றாள். இரண்டாயிரத்து ஐநூறுக்கு மேல் ஒரு காசு போனாலும் நிரந்தரமாக வெளியேதான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வாலாஜாபாத்தில் பட்டறையை மூடப்போகும் அப்துல் சத்தார் பாய், மெஷினுக்கு மூவாயிரம் சொல்வதாகக் கேள்வி. வீரபத்திரன் பட்டுத் தரகர் வீட்டுப் பிள்ளை. சொன்ன விலையைக் கொடுத்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கடைத்தெருவில் பழகிய வழி ஒன்று உண்டு. வாங்கவேண்டியவன் முதலில் போகமாட்டான். யாரோ எவரோ போல ஓர் ஆளை அனுப்பி அடிமாட்டு விலைக்குக் கேட்க வைப்பான். விற்பவன் மனசு விட்டுப்போயிருக்கும்போது இவன் போய்க் கொஞ்சம் ஏற்றிக் கேட்டால், தெய்வமே நேரில் வந்த மாதிரி இருக்கும்.

அந்த வேலைக்கு லோகாம்பாளின் தம்பி அப்பாதுரையைப் பிடித்தார். "ஆயிரத்து எண்ணூறுன்னு கேளு. திட்டினா வாங்கிக்கினு வந்துடு. மூளை வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

போய்வந்த அப்பாதுரை, பாய் முகம்கொடுத்தே பேசவில்லை என்று தலையைத் தொங்கப்போட்டான்.

மறுநாள் வீரபத்திரன் போனார். வேண்டாவெறுப்பாக மெஷினைச் சுற்றிவந்து, துருவைச் சுரண்டி, உச்சுக்கொட்டி, இரண்டாயிரத்து நானூறில் நின்றார்.

"பார்ட்டி ஒருத்தர் இருக்காரு தம்பி. அவரைக் கேக்காம நான் வார்த்தை குடுக்க முடியாது" என்றார் பாய்.

வீரபத்திரன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இல்லாத அண்ணனைக் கேட்டுச் சொல்வதாக அவரே எத்தனை பேரை அலைய விட்டிருக்கிறார்.

இரண்டு நாளில் பார்ட்டி சம்மதித்துவிட்டதாகத் தகவல் வந்தது. வீரபத்திரன் கடைசியாக ஒரு கொக்கியும் போட்டார். மெஷின் தன் வீட்டுத் தரையில் நிற்கும்வரை உடைந்தால், நெளிந்தால் விற்பவர் பொறுப்பு. பணமும் அதற்குப் பிறகுதான். பாய் மறுபடியும் போய்க் கேட்டுக்கொண்டு வந்து அதற்கும் தலையாட்டினார்.

அந்த நிம்மதியில்தான் வண்டியில் வெற்றிலை. மெஷினை ஏற்ற அப்பாதுரை தானாகவே வருகிறேன் என்றபோது, பாய்க்கு அடையாளம் தெரியாமலிருக்க அவனைத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு கூலியாள் மாதிரி வரச்சொன்னார். கூலியாள்கூட அப்படிப் பாடுபட்டிருக்கமாட்டான். வீட்டில் துரும்பைக் கிள்ளிப் போடாதவன், கயிற்று முடிச்சை இருபது தடவை இழுத்துப் பார்த்தான். வண்டி ஒருபக்கம் சாய்ந்தபோது தோளையே முட்டுக்கொடுத்தான்.

"எதுக்கு மச்சான் இந்தப் பாடு? உடைஞ்சா நமக்கா நஷ்டம்?" என்றார் வீரபத்திரன்.

அப்பாதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று இவருக்கும் கலங்கியது.

வீட்டு வாசலில் பலகைகளைச் சரித்து, குழாய்த் துண்டுகளை அடியில் உருளையாகப் போட்டு, கடப்பாரையால் நெம்பி நெம்பித் தள்ளினார்கள். வெயில் தாழ்வதற்குள் மெஷின் கொட்டகையில் நிமிர்ந்து நின்றது. ஒரு கீறல் இல்லை. அப்பாதுரை பெருமூச்சு விட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.

சைக்கிளில் பின்னாலேயே வந்திருந்த சத்தார் பாயிடம் வீரபத்திரன் பணத்தைக் கொடுத்தார். பாய் அதை எண்ணி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார். அதற்குமேல் முடியவில்லை. இவ்வளவு சாமர்த்தியத்தை வெளியே சொல்லாமல் வைத்திருந்தால் மனிதனுக்கு உடம்புக்கு ஆகுமா?

"பாய், மனசுல வச்சிக்காதீங்க. போன வாரம் ஒருத்தர் வந்து ஆயிரத்து எண்ணூறுக்குக் கேட்டாரே, அவரு நம்ம மச்சான். அதோ, கிணத்தடியில மூஞ்சி கழுவிக்கினு இருக்காரு பாருங்க. உங்க விலையை இறக்கறதுக்கு நான்தான் அனுப்பினேன்."

சத்தார் பாய் கிணற்றடியைப் பார்த்தார். கையிலிருந்த பணத்தைப் பார்த்தார். பிறகு வீரபத்திரனை, கொஞ்சம் பரிதாபமாகவே பார்த்தார்.

"அந்த விலைக்கு அன்னிக்கே அவருக்குக் குடுத்துட்டேனே, தம்பி."