பவளம் சிவந்த நாள்

டென்சில் கடலுக்குள் இறங்கியதும், படகில் இருந்த அவன் மனைவி பிரகாசி திரையில் அவன் முகத்தைத் தொட்டாள். எப்போதும் அப்படித்தான். ஆழத்தில் எல்லாமே நீலமாகத் தெரியும். கூடவே நீந்தும் கேமராவுக்கு ஒரு முகத்தைக் காட்டிவிட்டால் போதும். அந்த முகம் கரையில் இருப்பதுபோல் தெரியும்வரை மொத்தக் கடலுக்கும் அது நிறம் ஏற்றிக்கொண்டே போகும். அந்த அழகை நேரலையில் பார்க்க ஊர்ப்பட்ட கூட்டம்.

அன்று, வெளுத்துச் செத்துக் கிடந்த பவளப்பாறை மெல்லச் சிவந்தது.

"என்னங்க, பவளம் செவக்குதுங்க! உசுரு வந்துட்டு போல!"

முகமூடிக்குள் இருந்த மைக்கில் டென்சில் சிரித்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலியே புள்ள. ஒரே சாம்பலால்லா கெடக்கு." குரல் குழறியது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்தாள்.

மீனும் மணலும்கூடச் சிவந்தன. அவன் முகம் மட்டும் மாறவே இல்லை. கூப்பிட்டுப் பதில் வராதபோதுதான் அவளுக்குத் திக்கென்றது.

படகோட்டி சூசை அவன் இடுப்புக் கயிற்றை இழுத்து, தூக்கிப் படகில் கிடத்தினார். முகமும் உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. உடம்பில் மூச்சில்லை.

"காத்து கொறஞ்சிருக்கும்மா. மொகத்தப் பாத்தாலே தெரியுமே, நீ பாக்கலியா?"

"பாத்துக்கிட்டேதாண்ணே இருந்தேன்."

கேமராவும் அவனோடு மேலே வந்திருந்தது. திரையில் டென்சில் கன்னம் சிவக்கத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றிக் கடலும் வானமும் ரத்தமாகக் கிடந்தன. அந்தத் திரையை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை.