துவைத்த கோட்டு

"பொய்க் கோட்டும்மா இது" என்றார் பூதக்கண்ணாடி.

பழைய ராணுவக் கோட்டுகளைப் புரட்டிப் பார்த்து, எந்த வருஷத்துத் தையல், நிஜமா போலியா என்று சொல்வது அவர் தொழில். அந்தப் பட்டப்பெயர், கோட்டு சேகரிப்பவர்கள் வைத்தது. வீட்டில் கூப்பிட ஆள் இருந்தவரை அவருக்கு வேறு பேர் இருந்தது.

எதிரே அந்த அம்மாள், வெறுமையான துணிப்பையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பல் டாக்டர். அவர் வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரி நிறைய ராணுவக் கோட்டுகள். ஒவ்வொன்றின் கீழேயும் அதைப் போட்டிருந்தவர் பேர்.

அங்கே இதற்கும் ஓர் இடம் வேண்டும் என்றுதான் அம்மாள் வந்திருந்தார். காசெல்லாம் வேண்டாமாம். சண்டைக்குப் போய் இறந்துபோன வீட்டுக்காரர் பேர் கீழே இருந்தால் போதுமாம். அடுத்த வாரம் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அங்கே ஒரு கட்டில், ஒரு சின்ன அலமாரி. பெண்கள் வீட்டில் கொடுத்தால் பேரன்கள் இதை வைத்து வண்டி துடைத்துவிடுவார்கள்.

பூதக்கண்ணாடி முதலில் கோட்டின் தையலைப் பார்த்தார். அந்தக் காலத்துத் தையல் மாதிரிதான் இருந்தது. பிறகு ஜன்னலைச் சாத்தி நீல விளக்கைப் போட்டார். பழைய பருத்தித் துணி அந்த வெளிச்சத்தில் கரியாகக் கிடக்கும். இது டியூப்லைட் மாதிரி பளீரென்றது.

"புதுத் துணிதான் இப்படி மின்னும். இல்லேன்னா இந்தக் காலத்து சோப்புத்தூள்ல ஊறியிருக்கணும். புதுசைத் தச்சு, துவைச்சுத் துவைச்சு வெயில்ல போட்டுப் பழசாக்கறது கள்ள வியாபாரிங்க வேலைம்மா."

காலரைத் திருப்பிக் காட்டினார். வியர்வைக் கறை இல்லை. முழங்கை தேயவில்லை. பைகளில் ஒரு கை நுழைந்து வந்த அடையாளம்கூட இல்லை. ஆனால் தோளும் முதுகும் மட்டும் வெயிலில் சாம்பலாக வெளுத்திருந்தன.

பல் டாக்டருக்கு முகம் தொங்கிப்போனது. ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வந்த எரிச்சல் வேறு.

"யாரை ஏமாத்தறதுக்கும்மா இந்த வேலை?"

அம்மாள் கோபப்படவில்லை. வீட்டுக்காரருக்கு இரண்டு கோட்டு கொடுத்தார்கள் என்றார். ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார், இது பெட்டியிலேயே இருந்தது. போட்டுக்கொண்டு போனது திரும்பி வரவில்லை. அவரும்தான்.

"அப்ப, துவைச்சீங்களா இதை?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

"வாரா வாரம். போன வாரம்கூடத் துவைச்சேன்."

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் என்ன சார்" என்று டாக்டர் எழுந்துவிட்டார்.

பூதக்கண்ணாடி எழுந்திருக்கவில்லை. போலியைக் கண்டுபிடித்துச் சொல்லும்போதெல்லாம் அவருக்குள் ஒரு ருசி ஊறும். அடுத்தவர் முகம் வாடுவதில் தனக்கென்ன ருசி என்று, தனியாகச் சாப்பிட உட்காரும்போது சில நாள் தன்னையே கேட்டுக்கொள்வார். இன்றைக்கு அது ஊறவில்லை. இட்டுக்கட்டிப் பேசுகிறவர்கள் மழுப்புவார்கள், சத்தம் போடுவார்கள், அழுவார்கள். துவைத்தேன் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஜன்னலைத் திறந்து, கோட்டைத் தூக்கிப் பகல் வெளிச்சத்தில் பிடித்தார். அடிமடிப்பில் இரண்டே இடங்களில், ஒரு விரல் அகலத்துக்குத் துணி நைந்து, வெளிச்சம் ஊடுருவியது. அதைச் சுற்றி, துருக்கறைமேல் துருக்கறை. கொடியில் மாட்டும் கிளிப்பு கடித்த இடம். கள்ள வியாபாரிக்கு நாலைந்து மாசம் பொறுமை இருக்கும். ஒரே இடத்தில் கடித்துக் கடித்துத் துணி இப்படி ஆவதற்கு ஒரு ஆயுசு வேண்டும்.

கண்ணால் பார்த்த தையலை விட்டுவிட்டு விளக்கை நம்பிவிட்டோமே என்று அவருக்குச் சுருக்கென்றது.

"உட்காருங்க டாக்டர். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நிஜக் கோட்டு. அவர் போன அந்தச் சண்டைக் காலத்துதான். பேரைக் கேட்டு எழுதிக்கங்க."

டாக்டர் உட்கார்ந்தார். பேனாவை எடுத்து அம்மாள் சொன்ன பேரை எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறெரிந்தது.

"ஒரு நாள்கூட ஒருத்தர் போடாத கோட்டு. பெட்டியிலயே விட்டிருந்தா இன்னிக்குப் பொக்கிஷம்மா இது. இப்படிப் பாழாக்கிட்டீங்களே. புத்தி இருக்கிறவங்க யாராவது அழுக்கே ஆகாத துணியை வாரா வாரம் துவைப்பாங்களா?"

அம்மாள் கோட்டின் தோளை ஒரு தரம் நீவிவிட்டார். மடியில் இருந்த துணிப்பையை இன்னும் சின்னதாக மடித்தார்.

"அவர் போனப்போ சின்னவ கைக்குழந்தை. புது ஊரு, தெருக்கோடி வீடு, நானும் ரெண்டு பொண்ணுங்களும்தான். வீட்டுக்காரர் ராணுவத்துல இருக்கார், லீவுல வந்துட்டுப் போவார்னு அக்கம்பக்கத்துல சொல்லி வெச்சிருந்தேன்" என்றார். "பொண்ணுங்க கட்டிக்கிட்டுப் போன பிறகும், தனியாத்தானே இருந்தேன்."

டாக்டர் பேனாவை மூடாமல் அப்படியே வைத்திருந்தார்.

"கொடியில ஒரு ஆம்பளைக் கோட்டு ஈரமாத் தொங்கற வீட்டுக் கதவை, ராத்திரியில எவனும் வந்து தட்ட மாட்டான் தம்பி."