கட்டிவைத்த கை

"இன்னாக்கா, மாமா கையைப் பட்டுத் துணியால நாற்காலியோட கட்டி வெச்சிருக்க?" போண்டாவோடு வந்த பக்கத்து வீட்டு எழிலரசி அதிர்ந்தாள்.

"பசிக்குதும்மா, அவுத்து வுடச் சொல்லு," என்று கெஞ்சினார் நெசவாளி இராஜமாணிக்கம்.

"மறுபடி தறியில உக்காரணும்னா இப்படித்தான். யாரும் ஊட்டவும் கூடாது," என்றாள் மனைவி ரங்கம்மாள்.

"உனக்குக் கல்லு மனசுக்கா!" எழிலரசி போண்டாவை அவர் வாயருகே நீட்டினாள்.

மடியில் கிடந்த அவருடைய இன்னொரு கை நடுங்கியபடி எழுந்து அதைப் பிடுங்கியது.

"படவேட்டம்மா!" ரங்கம்மாள் கண் கலங்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கட்டினது நல்ல கைடி. இதுதான் வாதம் அடிச்ச கை. மூளையில கைக்கும் வாய்க்கும் பக்கத்துப் பக்கத்து இடமாம். கை சும்மா கிடந்தா அந்த இடத்தையும் வாய் புடிச்சிக்கும்னு டாக்டர் சொன்னாரு. ஏற்கெனவே இவருக்கு வாய் ஜாஸ்தி!"

போண்டாவை மென்றுகொண்டே இராஜமாணிக்கம் கேட்டார்: "ரங்கு, சட்னி எங்கடி?"