ஒட்டுத் தெரியாமல்

இரண்டு பாதிகளையும் கட்டிலின் மேல் விளிம்போடு விளிம்பாக வைத்தாள்.

அரக்குப் பட்டு. அம்மாவின் கல்யாணச் சேலை. ஒரு பாதி அவள் பெட்டியில் இருந்தது. முந்தி உள்ள மறுபாதி தங்கை பகவதியின் பீரோவில் பதினோரு வருஷம் கிடந்துவிட்டு இன்றைக்குத்தான் வந்திருந்தது.

கொண்டுவந்தவள் பகவதியின் மகள் நித்யகல்யாணி. மூன்று மாதத்தில் கல்யாணம். ஆச்சியின் சேலையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார ஆசையாம். பெரியம்மா இருபத்தைந்து வருஷம் பட்டுக்கடையில் கிழிசல் தைத்தவர், அவரிடம் கொடு என்று பகவதிதான் சொல்லி அனுப்பினாளாம்.

பகவதியேதான் சொன்னாளா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

அம்மா இறந்த பதினாறாம் நாளன்று இந்தச் சேலைக்காகத்தான் சண்டை. இருவருக்கும் விட மனமில்லை. கத்தரியை எடுத்து நடுவில் வெட்டியது அவள்தான். பகவதி அழக்கூட இல்லை. தன் பாதியைச் சுருட்டிக்கொண்டு போனவள் அப்புறம் இந்தப் படி ஏறவில்லை.

பட்டு இற்றுப்போயிருந்தது. மடிப்புக்கு மடிப்பு விரிசல். மூச்சுப் பட்டால் இழை பறந்தது.

காலை வெயில் ஜன்னலில் இருக்கும்வரை தினமும் தைத்தாள். அடியில் மெல்லிய பட்டுத்துணி கொடுத்தாள். சேலையின் ஓரத்திலிருந்தே நூல் உருவி இழைக்கு இழை சேர்த்தாள். அறுந்த சரிகையை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தாள். இடது கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். கல்யாணம் முடியட்டும் என்றாள்.

ஒரு நாள் பகவதி போனில் வந்தாள்.

ஒட்டு வெளியே தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றாள் இவள். சரி என்றாள் அவள். பிறகு இருவருமே போனை வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்கள். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பகவதி வைத்துவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க ஊசி லேசாக ஓடியது.

ஒன்பது வாரம்.

நித்யகல்யாணி வந்து கட்டிப் பார்த்தாள். கண்ணாடி முன் திரும்பித் திரும்பி ஒட்டைத் தேடினாள். கிடைக்கவில்லை. பெரியம்மாவின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் அப்பாவும் பத்திரிகை வைக்க நேரில் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வந்தால் என்ன பேசுவது? மன்னிப்பு என்ற சொல்லெல்லாம் வாயில் வராது. உட்கார் என்று தொடங்கலாம். மற்றது தானாக வரும்.

முறுக்குச் சுட்டு வைத்தாள். நமுத்துப்போனதும் மறுபடி சுட்டாள்.

யாரும் வரவில்லை. வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது.

போய்வந்த அத்தை மகள் போனில் படங்களைக் காட்டினாள். சேலையை வியக்காதவர் இல்லையாம். யார் சரிசெய்தது என்று எல்லோரும் கேட்டார்களாம். மெட்ராஸில் ஆள் பிடித்துச் செய்தோம் என்று பகவதி சொன்னாளாம்.

அவள் படத்தைப் பெரிதாக்கி, ஒட்டு விழும் கொசுவத்தைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

எட்டாம் நாள் பகவதியே வந்தாள். வாசலில் கார் நின்றது. தலை முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பையிலிருந்து சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"யக்கா, நீயே வெட்டிரு. நான் வெட்டுனா கோணிரும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், முழுதாகவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். பிள்ளைக்கு இருக்கட்டும்.

"ஒன் பங்கு எங்களுக்கு வேண்டாம்."

அவள் கத்தரியை எடுத்து வந்தாள். பகவதி ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்தாள். ஒட்டு இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவித் தேட வேண்டியிருந்தது.

பட்டு சத்தமில்லாமல் விட்டது.

பகவதி தன் பாதியை நாலாக மடித்தாள். வருகிறேன் என்று சொல்லாமல் படி இறங்கினாள்.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கிளம்பும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை. எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள்.